வாளிச் சத்தம்

ஒனேசிம் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

எதிரே ஆளுயரப் படம். நரைத்த பெண்ணின் முகம். கீழே ஃப்ளோரா என்று பெயர் போட்டிருந்தது. போடாவிட்டாலும் தெரிந்திருக்கும். அவள் அண்ணன், அவருடைய பள்ளித் தோழன் மொய்ஸின் அகன்ற நெற்றி அப்படியே இருந்தது.

கொழுந்தியாள் டெல்ஃபின்தான் அவரை இழுத்து வந்தாள். பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் அடைத்த விடுதிப் பள்ளிக்கூடங்களிலிருந்து பிழைத்து வந்தவர்களின் கதைகளைப் பிரின்ஸ் ஆல்பர்ட் நகர மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள்.

"வாங்க அத்தான், டிவியக் கட்டிக்கிட்டு அழுதது போதும். டீயும் பானக் ரொட்டியும் சும்மாவே குடுக்கறாங்களாம்."

ரொட்டிக்காகத்தான் வருகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஃப்ளோராவின் குரல் கிரீ மொழியில் பேசியது. அந்தப் பள்ளியில் பேசினால் தோலை உரித்துவிடுகிற மொழி.

"பையன்கள் முற்றத்துக்கும் எங்க முற்றத்துக்கும் நடுவுல உசரமா பலகை வேலி. அண்ணன்கூடப் பேசக் கூடாது. சாயங்காலம் விறகு எடுக்க வரும்போது அவன் சீழ்க்கை அடிப்பான், எங்கப்பா பனிவண்டி இழுக்கற நாய்ங்களக் கூப்பிடற மாதிரி. நான் வாளியத் தட்டுவேன். இருக்கேன்னு அர்த்தம்."

ஒனேசிம் கண்களை மூடிக்கொண்டார்.

ஈர விறகின் மணம். சமையலறைப் புகைபோக்கிக்கு மேலே சிவந்து மங்கும் வானம். விறகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரும் மொய்ஸும் வேலியோரம் நிற்பார்கள். அந்த வருஷங்களில் திரும்பப் போய் நிற்க மனம் ஏங்குகிற இடம் அது ஒன்றுதான்.

நடுப் பனிக்காலத்தில் மொய்ஸ் இருமி இருமி ரத்தம் துப்பினான். காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வண்டியில் ஏறும்போது, "சத்தம் வரலன்னா அவ பயந்துடுவாடா" என்று மட்டும் சொன்னான்.

அவன் திரும்பி வரவே இல்லை.

மொய்ஸைக் கொண்டுபோன அன்று சாயங்காலம் சிறுவன் ஒனேசிம் சீழ்க்கை அடித்தான். வாளி பதில் சொன்னது. மறுநாளும் சொன்னது.

வடக்கே வெகு தூரத்திலிருந்து ஒண்டியாகக் கொண்டுவரப்பட்டவன் அவன். தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனைத் தேடி வந்த ஒரே சத்தம் அதுதான். அதுகூட மொய்ஸுக்காக வந்தது.

ஒரு சின்னப் பெண்ணை ஏமாற்றினோமே என்ற உறுத்தல், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவரை விடவில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

காதுக்குள் ஃப்ளோரா மெல்லச் சிரித்தாள்.

"அண்ணனுக்கு முன்பல்லு ரெண்டும் கிடையாது. அவன் சீழ்க்கையில பாதி காத்துதான் வரும். ஒரு நாள் சுத்தமா வந்துச்சு. கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, இது அவன் இல்லன்னு.

"அன்னைக்குப் பழக்கத்துல தட்டிட்டேன். ராத்திரி போர்வைக்குள்ள அழுதேன். மறுநாள் தட்டவே கூடாதுன்னு நின்னேன். திரும்பவும் அந்தச் சத்தம். யாரு பெத்த புள்ளையோ, இந்தக் குளிர்ல எனக்காக நிக்கறான். நான் தட்டலன்னா அவனுக்கு யாரு இருக்கா?

"வீட்டுக்கு அனுப்பற வரைக்கும் தட்டினேன். அவன் பேருகூட எனக்குத் தெரியாது."

குரல் நின்றது. ஒனேசிம் ஹெட்போனைக் கழற்றவில்லை.

ரொட்டியை மென்றுகொண்டே வந்த டெல்ஃபின் அவர் தோளில் இடித்தாள். "யாரு அத்தான் இது? இந்தப் பார்வை பாக்கறீங்க! எங்கக்காவுக்குத் தெரியாம வச்சிருந்த ஆளா?"

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"என் தங்கச்சி."