கொல்லைக் காற்று வழக்கு

"பட்டப்பகல்ல திருடறாங்க! எங்க கொல்லையையே காலி பண்றாங்க!"

குஞ்சிதபாதம் போட்ட கூச்சலில் பஞ்சாயத்துத் தலைவர் ஐயாவு செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து வலங்கைமான் பக்கம் எல்லைத் தகராறு இல்லாத நாளே இல்லை.

"திருடினது யாருய்யா?"

"மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய மனுஷரைக் கேளுங்க."

அந்தப் பெரிய மனுஷர், குஞ்சிதபாதத்தின் பங்காளி வைத்தியலிங்கம். பாகப்பிரிவினை வழக்குக்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. அதற்காகவே நடுவில் ஆளுயர மதில்.

வைத்தியலிங்கம் மாட்டுக் கொட்டகையை டிராக்டர் பட்டறையாக்கி, மதிலோரம் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரஸர் வைத்திருந்தார். பெயிண்ட் புகை உள்ளே போனால் மெஷின் கெடும் என்று, அது காற்றிழுக்கும் குழாயை மதிலில் துளை போட்டு அந்தப் பக்கம் நீட்டியிருந்தார்.

"திருடறது காத்துங்க! விடிஞ்சதுலேர்ந்து அந்தி வரைக்கும் எங்க கொல்லைக் காத்தை அந்த மெஷின் உறிஞ்சுது. அதான் நாலு நாளா ஒரு வாழை இலைகூட ஆடலை!"

"காத்துக்கு ஏதுய்யா பட்டா?"

"பட்டா இல்லைன்னா பாத்தியதை இல்லையா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து அனுபவிக்கிற காத்து!"

பதரோடு குவிந்து கிடந்த சம்பா நெல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், ஐயாவு துளையைப் பார்த்தார். பிறகு தெருவைச் சுற்றிப் பட்டறைக்கு வந்தார்.

வைத்தியலிங்கத்துக்கு மீசை துடித்தது. "எங்க வம்சத்துல அடுத்தவன் வீட்டு உப்பைக்கூட வச்சுக்கிட்டதில்லை. காத்தை வச்சுக்குவமா? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துடறேன்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க."

"பாதியில நிறுத்தாம இருந்தா சரி! வம்சத்தைத்தான் பார்த்திருக்கோமே!" மதிலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

அது போதும். பாதி பெயிண்ட் அடித்த டிராக்டர் அப்படியே நிற்க, குழாயை உருவிவிட்டு அதே துளையில் காற்றடிக்கும் ஹோஸைச் செருகினார். தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்தார்.

"எதுக்குங்க அது?" என்றார் ஐயாவு.

"ஈரக் காத்தைக் கொடுத்துட்டேன்னு நாளைக்குச் சொல்லுவான்."

ஆயில் பார்த்து, பெல்ட்டை அழுத்திப் பார்த்து, வால்வைத் திறந்தார். துளை வழியே காற்று சீறிக்கொண்டு போனது. மெஷின் சூடானால் நிறுத்தி ஆறவிட்டார். ஆறியதும் மறுபடி ஓட்டினார். மதிலுக்கு மேலே எட்டிப் பார்ப்பதா? அது அவர் வம்சத்து ஆண்கள் செய்கிற காரியமில்லை.

"போதுமான்னு கேளுங்க!"

"கணக்கு இன்னும் நேராகலீங்க!"

வெயில் தாழ்ந்தபோதுதான், "திருப்தி!" என்று குரல் வந்தது.

"யார் வீட்டுக் காத்தும் எங்ககிட்ட இல்லை. நீங்கதான் சாட்சி," என்றார் வைத்தியலிங்கம். நிமிர்ந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டு, குழாயைப் பழையபடி துளைக்குள் நீட்டினார். அவருக்கு மெஷினும் முக்கியம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் குஞ்சிதபாதத்தின் மனைவி அம்சம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தலையெல்லாம் ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிட்டாள்.

"ஏங்க, நெல்லு பூரா தூத்தியாச்சு. கொள்முதல்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது. அடுத்த அறுப்புக்கும் இப்படிக் காத்தே வீசலைன்னா?"

குஞ்சிதபாதம் துளையில் நீண்டிருந்த குழாயை ஆசையாகப் பார்த்தார்.

"நல்லாத் திருடட்டும், விடு."