குதிங்கக்கா!
கடையின் தானியங்கிக் கதவுக்கு என்ன கோபமோ, எல்லோருக்கும் திறந்தது, செண்பகவல்லிக்கு மட்டும் திறக்கவில்லை. மூன்றாம் முறையாகப் பழுதான மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போய் வந்தாள், கையை ஆட்டினாள். மற்றவர்களோடு சேர்ந்து நுழையப் பார்த்தாலும் அதற்குள் மூடிக்கொண்டது. "சென்சாருக்கு உங்களத் தெரியலக்கா, ஒரு குதி குதிங்க!" என்றார் காவலாளி. பள்ளிக்கூடத்தோடு குதிப்பதை விட்டவள் அவள். உள்ளே பில் போட நின்றவர்கள்கூட "குதிங்கக்கா, குதிங்க!" என்று கத்தினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே எம்பு எம்பினாள். கதவு சரேலென்று விலகியது. கடையே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவள் கால்கள் தரைக்கு வரவில்லை. அண்ணாந்து நின்றவர்களிடம் மேலிருந்தபடியே மிக்ஸியை நீட்டினாள். "வாரண்டி இன்னியோட முடியுது. சீக்கிரம் பாருங்க."