இரண்டு டம்ளர்

"அத்தை, பையோட உள்ளே வராதீங்க!"

வாசலில் ஒரு காலை எடுத்து வைத்த அம்மா அப்படியே நின்றாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"பையில என்ன இருக்கு?" என்றாள் மருமகள்.

"ஜன்னலுக்குத் திரைம்மா. நானே தைச்சது."

"இங்கே ஒரு சட்டம் வெச்சிருக்கோம் அத்தை. ஒரு பொருள் உள்ளே வந்தா, ஒரு பொருள் வெளியே போயாகணும்."

மகன் படிக்கட்டுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து ஒரு கம்பளிப் போர்வையை எடுத்தான். அம்மாவின் கையில் கொடுத்தான்.

"போகும்போது எடுத்துட்டுப் போயிடும்மா."

"சரிடா" என்று அம்மா அதை வாசற்படியின் ஓரமாக வைத்தாள். திரை உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் அம்மா உள்ளே போனாள்.

ஏரிக்கரையில் இருந்த விடுமுறைக் குடியிருப்பு அது. மொத்தம் இருபது குட்டி வீடுகள். ஒவ்வொன்றும் பதினெட்டடி நீளம், எட்டடி அகலம், அடியில் நான்கு சக்கரம். வருகிறவர்கள் ஒரு வாரம், பத்து நாள் தங்கிவிட்டுப் போய்விடுவார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி உண்டு. அந்த வீட்டுக்குள் அடங்குகிற பொருள்களோடு மட்டும் உண்மையாக வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய கதவில் 'மாதிரி வீடு' என்று ஒரு பித்தளைப் பலகை ஏறும்.

மகனும் மருமகளும் ஆறு மாதமாக அதற்காகத்தான் காத்திருந்தார்கள். பலகை கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இன்று குடியிருப்பின் செயலாளர் வீட்டைப் பார்க்க வருகிறார். குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடமும் பேசுவது அவர் வழக்கம். அம்மாவை வரவழைத்தது அதற்குத்தான்.

"அம்மா, நீ எதையாவது பேசி வெச்சுடாதே. சிரிச்சுக்கிட்டே இரு, போதும்."

"சும்மா சிரிச்சுக்கிட்டே இருந்தா பைத்தியம்னு நினைக்க மாட்டாராடா?"

"சரி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நடக்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பினால் எல்லாம் தெரிந்தது.

"உள்ளங்கையில வெச்சுக்கலாம் போல இருக்கே! உன் சின்ன வீடு அழகாத்தான்டா இருக்கு."

"ஐயோ அத்தை! குட்டி வீடுன்னு சொல்லுங்க. அக்கம்பக்கத்தவங்க காதுல விழுந்தா இவரைப் பத்தி என்ன நினைப்பாங்க!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் செயலாளர் குனிந்து உள்ளே வந்தார். கையில் படிவம், தோளில் துணிப்பை.

மருமகள் படுக்கையை மடித்துச் சுவரில் சாத்தினாள். அதன் முதுகு மேசையானது. படிகளை இழுத்தாள். ஒவ்வொன்றும் பெட்டியாகத் திறந்தது.

"ஆளுக்கு நாலு உடுப்பு சார். ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு. தட்டு ரெண்டு, டம்ளர் ரெண்டு. அவ்வளவுதான் எங்க சொத்து!"

அந்த இரண்டு டம்ளரிலும் செயலாளருக்கும் மகனுக்கும் டீ வந்தது. ஒரு டம்ளர் காலியாகட்டும் என்று அம்மாவின் டீ பாத்திரத்திலேயே காத்திருந்தது.

"முன்னாடி எங்கே இருந்தீங்க?" என்றார் செயலாளர்.

"நாலு அறை வாடகை வீட்டுல சார். ஒரு நாள் உட்கார்ந்து யோசிச்சோம். நமக்கு எதுக்கு இவ்வளவுன்னு தோணிச்சு. அத்தனையையும் விட்டுட்டு வந்துட்டோம்."

சொல்லும்போதே மகனின் மார்பு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. அந்த வீட்டில் இரண்டு அங்குலம் என்பது பெரிய இடம்.

செயலாளர் படிவத்தில் இருந்த எல்லாக் கட்டத்திலும் சரி போட்டார். துணிப்பையிலிருந்து பித்தளைப் பலகையையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்தார். மருமகள் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பையனை நினைச்சாப் பெருமையா இருக்கா?"

"இருக்காதா சார்? சின்ன வயசுலயே இவன் ஒரு பென்சிலைக்கூட வீணாக்க மாட்டான். இப்பவும் பாருங்க, ஒண்ணையாவது தூக்கிப் போட்டானா? சோபா, ரெண்டு கட்டில், பெரிய டிவி, கண்ணாடி வெச்ச அலமாரி, மருமகளோட நாற்பது ஜோடி செருப்பு... எல்லாம் என் வீட்டுல பத்திரமா இருக்கு. ஒரு தூசு படிய விடுவேனா?"

"அம்மா..."

"இருடா, அவர் கேட்கிறார் இல்ல? கூடம் ஒண்ணு, அறை ஒண்ணு சார். ரெண்டும் கூரை வரைக்கும் நிறைஞ்சு போச்சு."

மருமகள் ஜன்னல் வழியாக ஏரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீங்க எங்கேம்மா படுக்கறீங்க?"

"சமையலறையிலதான் சார். தையல் மிஷினை மூடினா சாப்பாட்டு மேசை. பாயை விரிச்சா படுக்கை. சுருட்டி ஓரமா வெச்சா, துணி தைக்கக் கொடுக்க வர்றவங்க உட்கார இடம்." அம்மாவின் குரலிலும் அதே பெருமை இருந்தது. "எட்டடிக்கு ஆறடி. இந்த வீட்டுல மூணுல ஒரு பங்கு. பழகிட்டா தாராளமா இருக்கு. எனக்கு டம்ளர்கூட ஒண்ணே போதும்."

செயலாளர் கையிலிருந்த பலகையைப் பார்த்தார். வாசற்படியில் இருந்த கம்பளிப் போர்வையைப் பார்த்தார். பிறகு பலகையையும் ஸ்க்ரூடிரைவரையும் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்க சமையலறைக் கதவு மரமா, தகரமாம்மா? அதுக்கேத்த ஸ்க்ரூ எடுத்துக்கிட்டு வரணும்."