அளவு மாறாமல் ஒரு வீடு

"கணக்குப் பீரியட்ல எதுக்குக் கலர் பென்சில்?"

வாசலில் துணைத் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். வகுப்பு கப்சிப்பென்று அடங்கியது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி மேடம்.

"பரப்பளவு நடத்துறேன் மேடம்," என்றாள் கணக்கு டீச்சர். "அவங்கவங்க வீட்டை அளந்து, ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர்னு வரையச் சொல்லியிருக்கேன். வரைஞ்சு பாத்தா அதுவா மண்டையில ஏறும்."

"பரீட்சையில வீடு வரையச் சொல்ல மாட்டாங்க."

அவ்வளவுதான். செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே பாடுதான். பின்னத்துக்குப் பாட்டுக் கட்டினால், பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவாம். கோணங்களை நடித்துக் காட்டச் சொன்னால், ஆசிரியர்கள் அறையில் அதை வைத்தே ஒரு வாரம் கேலி.

அவளுக்காகப் பேசிய ஒரே ஆள் பெற்றோர் சங்கத் தலைவர். "நீங்க செய்ங்க டீச்சர், யார் என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்" என்று அடித்துச் சொன்னவர். அவர் போட்ட போட்டில்தான், இன்று மாலைப் பெற்றோர் கூட்டத்தில் இந்தப் படங்களைச் சுவரில் ஒட்ட அனுமதியே கிடைத்தது.

பிள்ளைகளும் ஏமாற்றவில்லை. வாய்ப்பாட்டைக் கண்டாலே வயிற்றுவலி என்று சொல்கிறவன், நாய்க்கூண்டைக்கூட விடாமல் அளந்து வந்திருந்தான். அக்காவின் கட்டில் தன்னுடையதைவிடப் பெரிசு என்பதை ஒருத்தி கணக்குப் போட்டே நிரூபித்திருந்தாள்.

கடைசி பெஞ்சில் பொடிசு இருந்தாள். வகுப்பிலேயே குள்ளம். சங்கத் தலைவரின் மகள். அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

டீச்சர் குனிந்து பார்த்தாள். கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை. கோடுகள் அச்சடித்தமாதிரி இருந்தன. சமையலறைக்குப் பின்னால் சின்னதாக ஒரு பெட்டி.

"இது என்ன ரூம்?"

"ஸ்டோர் ரூம் டீச்சர்."

"இவ்வளவு சின்ன ரூமையும் கரெக்டா அளந்திருக்கியே! டேப்பா?"

"இல்ல டீச்சர். உள்ள இருட்டா இருக்கும், டேப் தெரியாது. தடவித் தடவி சாண் போட்டேன். அப்புறமா ஒரு சாண் எத்தனை சென்டிமீட்டர்னு ஸ்கேல்ல பாத்துக்கிட்டேன்."

பாராட்ட வாயெடுத்த டீச்சர் அப்போதுதான் கவனித்தாள். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டிப் பெண்.

"இது யாரு?"

"நான்தான்."

"அங்க எதுக்கு உக்காந்திருக்கே?"

பொடிசு பென்சிலை உருட்டினாள். பிறகு சொன்னாள்.

"அப்பா வந்து திறக்கற வரைக்கும் அங்கதான் இருக்கணும்."

டீச்சர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே மேசை நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெற்றோர் வந்துவிடுவார்கள்.

எப்போதோ ஒரு நாள் கோபத்தில் அடைத்திருப்பார். பிள்ளைகள் ஒன்றைப் பத்தாகச் சொல்லும். இதைச் சுவரில் பார்த்தால் அவர் இந்தப் பிள்ளையைத்தானே உண்டு இல்லையென்று ஆக்குவார்? நாளைக்கு நிதானமாக விசாரிக்கலாம். மேலும், அந்த மனிதர் கைவிட்டால் பாட்டும் நடிப்பும் படமும் நாளையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டீச்சர் ரப்பரை எடுத்தாள். முதலில் அந்தப் பெண் போனாள். பிறகு தாழ்ப்பாள். அதை உள்பக்கமாக வரைந்தாள்.

"இப்பப் பாரு, எவ்வளவு நீட்டா இருக்கு!"

பொடிசு பார்த்தாள். தலையாட்டினாள்.

மாலையில் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "எம்பொண்ணு வீட்ல வாயைத் திறக்கவே மாட்டா. ஆனா அந்தப் படத்தைப் போய்ப் பாருங்க, எவ்வளவு பேசுது! கலையோட சேத்துச் சொல்லிக் குடுத்தா எந்தக் குழந்தையும் மனசைத் திறக்கும். இந்த டீச்சரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்."

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. டீச்சரும் தட்டினாள்.

கூட்டம் டீ குடிக்கப் போனது. தலைவரைச் சுற்றி நாலைந்து பேர். சிடுமூஞ்சி மேடம் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்தார். ஒரு படத்தின் முன்னால் நின்றவர், நகரவே இல்லை. திரும்பி, பொடிசைக் கூப்பிட்டார்.

குறை கண்டுபிடிக்கத்தான் போகிறார் என்று டீச்சர் வேகமாக அருகில் போனாள்.

மேடம் தரையில் முட்டிபோட்டு, பொடிசின் உயரத்துக்குத் தாழ்ந்திருந்தார்.

"இந்த இடத்துல காகிதம் தேஞ்சிருக்கே கண்ணு. முன்னாடி என்ன வரைஞ்சிருந்த?"

இப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கிறது என்பதே டீச்சருக்குத் தெரியாது.

"பயப்படாதே. கொஞ்ச நாளா உன்னைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மணி அடிச்சா எல்லாரும் வீட்டுக்கு ஓடறாங்க. நீ மட்டும் ஒவ்வொரு புத்தகமா எடுத்து எடுத்து வைக்கற. வீட்ல ஏதாவது இருந்தா எங்கிட்டச் சொல்லும்மா. யாரா இருந்தாலும் நான் பேசறேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று டீச்சருக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் டீச்சரின் கண் தலைவர் நின்ற பக்கம் போய்த் திரும்பியது.

பொடிசு நிமிர்ந்தாள். மேடத்தைப் பார்க்கவில்லை. டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல மேடம். நான்தான் தப்பா வரைஞ்சுட்டேன். டீச்சர் திருத்திக் குடுத்துட்டாங்க."