முதலாளியின் பத்தியம்

"எண்ணெயை நாங்க கண்ணாலகூடப் பார்க்கறதில்ல டாக்டர். காலையில ஓட்ஸ், மத்தியானம் அவிச்ச பீன்ஸ், ராத்திரி ஆப்பிள். அவ்வளவுதான்!"

மனைவி சொல்லி முடிப்பதற்குள் மகன் ஆரம்பித்தான்.

"பிஸ்கட் டப்பாவுக்கே பூட்டுப் போட்டுட்டோம்."

"சாவி என்கிட்டதான் இருக்கு" என்றாள் மருமகள்.

மூவருக்கும் நடுவில் ஜவுளிக்கடை முதலாளி, பிடிபட்ட திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார். போன தடவை அவர் ரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைப் பார்த்த டாக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சாப்பாட்டை மாற்றுங்கள், அப்படியும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீடே முதலாளியின் தட்டைக் காவல் காத்தது.

"ரிசல்ட் இப்ப வந்துடும். வெளியில இருங்க" என்றார் டாக்டர்.

முதலாளியை எடை பார்க்க நர்ஸ் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். மற்ற மூவரும் கதவைத் திறந்ததும், தண்ணீர் பாட்டிலும் பையுமாக மாடி ஏறி வந்திருந்த கார் டிரைவர், மூச்சு வாங்கியபடியே எழுந்து வழிவிட்டார்.

அடுத்த நிமிடமே மனைவி திரும்பி வந்தாள். மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டாளாம். அது அவள் மூக்கின் மேலேயே இருந்தது.

"டாக்டர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சாயங்காலம் அவர் வாக்கிங் கிளம்பறப்ப, ரெண்டே ரெண்டு வறுத்த கோழிக்கால் பொட்டலம் கட்டிக் குடுத்துடுவேன். என் பிள்ளையும் மருமகளும் சரியான ராட்சசங்க. பாவம், மனுஷனுக்கு நாக்கே செத்துப் போச்சு!"

அவள் போனதும் மகன் வந்தான். வெயில் கொளுத்தும் நாளில் குடையைத் தேடினான்.

"எங்கம்மா பண்ற கொடுமை தாங்கல டாக்டர். அப்பா வாக்கிங் கிளம்பறப்ப, சட்டைப் பையில ஒரே ஒரு வெண்ணெய் கேக்கை வச்சுடுவேன். ஒண்ணு சாப்பிட்டா என்ன ஆயிடும்?"

மருமகள் எதையும் தேடவில்லை. வந்ததுமே மூக்கை உறிஞ்சினாள்.

"மாமா முகத்தைப் பார்க்கவே முடியல டாக்டர். வாசல்ல செருப்பு மாட்டறப்ப ஒரு சிப்ஸ் பாக்கெட் குடுத்துடுவேன். எல்லாம் அந்த பிஸ்கட் டப்பாலதான் ஒளிச்சு வச்சிருக்கேன்."

டாக்டருக்குத் தலை சுற்றியது. பாசத்தாலேயே ஒரு மனுஷனைப் பரலோகம் அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறதே! ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக இருக்கிறதா என்று கேட்க போனை எடுத்தார். அப்போதுதான் கம்ப்யூட்டரில் ரிசல்ட் வந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கொழுப்பு நன்றாகவே குறைந்திருந்தது.

முதலாளியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லுங்க. கோழிக்கால், கேக், சிப்ஸ் எல்லாத்தையும் முழுங்கிட்டு எப்படிக் குறைஞ்சுது?"

"அடடா, மூணு பேரும் உளறிட்டாங்களா?" முதலாளி வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "வேண்டாம்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க. அதனால வாங்கிக்குவேன். ஆனா ஒரு துண்டுகூட வாயில வைக்கல டாக்டர். உயிர் மேல எனக்கு ஆசை இருக்காதா?"

"அப்ப அதெல்லாம் எங்க போச்சு?"

"சாப்பிடற பொருளைக் குப்பையில போட மனசு வருமா? பார்க் வாசல்ல கார் நின்னதும் டிரைவர்கிட்ட குடுத்துடுவேன்." முதலாளி கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எழுதிக் குடுங்க டாக்டர். இப்பல்லாம் ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குது. எங்க நாலு பேர் உயிரும் அவர் கையிலதானே இருக்கு!"