பின்சீட்டு

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அன்றைக்கு 'டேக் ஓவர்'. பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்வது என்று அர்த்தம் சொன்ன டீச்சர், நாளைக்கு ஆளுக்கொரு வாக்கியம் கேட்டிருந்தார். வாசலுக்கு வரும்வரை பூரணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே புருஷன் தணிகாசலம் ஸ்கூட்டரில் காத்திருந்தான்.

"பின்னாடி தள்ளி உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

"ரோடெல்லாம் குண்டும் குழியுமா கெடக்குடி."

"லைசென்ஸ் எதுக்கு வாங்கினேன்? பீரோல வச்சுப் பூட்டவா?"

தணிகாசலம் பின்னால் நகர்ந்தான். அவளுடைய பையை வாங்கி, அவள் எப்போதும் வைத்துக்கொள்வதைப் போலவே மடியில் அணைத்துக்கொண்டான். முதல் குழியில் வண்டி தூக்கிப்போட்டதும் அவள் தோளைப் பிடித்தபடி, "ஐயோ, மெதுவாப் போயேன்" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து பின்சீட்டில் உட்கார்ந்து அவள் சொல்லிவந்த வாக்கியம். பூரணி சிரித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.