அறுபதுக்கு மேல் இரண்டு

மகள் இருக்கும் மிதவைத்தீவுக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் என்றது இந்தத் தீவின் விமான நிலையப் பலகை. மின்கல விமானத்துக்கு அறுபதுதான் எல்லை. மழைக்காலம் முடியும்வரை மிதவைத்தீவுகள் இரண்டும் நங்கூரத்தில்தான் நிற்கும். அந்த இரண்டு கிலோமீட்டரால், சென்ற ஆண்டு மகள் வீட்டில் இறந்த தன் கணவரின் முகத்தைக்கூட அமலோற்பவத்தால் பார்க்க முடியவில்லை. இன்று அதே வீட்டில் மகளுக்குப் பிரசவ வலி.

விமானி கிளீட்டஸ் ஓடிவந்தான்.

“ஏறுங்க மதினி! இப்ப ஐம்பத்தொன்பது!”

“வெளாடாத கிளீட்டசு.”

“நெசமாத்தான். அங்க நங்கூரத்த அவுத்துட்டாங்க. ஒங்க மவ போட்ட சத்தத்துல தீவே கெளம்பி வருது!”

“எம்புட்டு நேரமாவும்?”

“இருவது நிமிசம்.”

ஓடி ஏறி உட்கார்ந்த பிறகுதான் செருப்பில்லாததைக் கவனித்தாள். சிரிப்பு வந்தது.

பாதி வழியில் கிளீட்டஸ் திரும்பினான்.

“மொத்தமே பத்தொன்பது நிமிசந்தான் மதினி. அவங்க இன்னும் நிக்கல, வந்துக்கிட்டே இருக்காங்க.”